சுமைதாங்கிக் கல் – ஒரு சிறு ஆராய்ச்சி

ரோட்டோரத்தில் இரண்டு கல்தூண்கள் நட்டிருக்கும். அவற்றின் தலைமேல் குறுக்கே ஒரு நீளக் கல் கிடக்கும். அவ்வளவுதான். சிலை இல்லை, மாடம் இல்லை, பெரும்பாலும் எழுத்தும் இல்லை. வாசல் என்று சொல்லலாம் என்றால் அதற்குப் பின்னால் வீடும் இல்லை, கோயிலும் இல்லை. உட்காரலாம் என்றால் உயரம் அதிகம். ஊஞ்சல் கட்டுகிற கல்லோ என்றால் அதற்கு உயரம் போதாது. லீவுக்கு வருகிற நம் பேரப்பிள்ளைகள் "இது என்ன தாத்தா, கதவில்லாத வாசலா?" என்று கேட்கிறார்கள். கிரிக்கெட் ஆடுகிற பையன்களுக்கு அதுவே ஸ்டம்ப்.

அதன் பெயர் சுமைதாங்கிக் கல். பெயரைச் சொன்னதும் "ஓ, சுமையை இறக்கி வைக்கிற கல்லா" என்று ஆளுக்காள் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் கேள்விகள் வரிசையாக வரும். சுமையைத் தரையில் இறக்கக் கூடாதா? கல் ஏன் இந்த உயரம்? இதை நட்டவர் யார், யாருக்காக நட்டார்? இப்போது ஏன் யாரும் நடுவதில்லை? இவற்றுக்கு விடை தேடினால் நம் பாட்டன் பாட்டிமார் நடந்த வழியின் சரித்திரமே கிடைக்கிறது. அதைத்தான் இந்த மலர் வழியாக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

நான் வியாபாரம் செய்கிற குடுபல்லி, ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் குப்பத்துக்கு அடுத்த ரயில் நிலையம். தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே கடை வாசலில் கேட்கும். சித்தூர் மாவட்டம் 1911-ல் உருவானது. 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது அந்தப் பக்கம் போனது. 1960-ல் எல்லை மறுபடி திருத்தப்பட்டு, திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. குப்பம் பகுதி ஆந்திரத்திலேயே நின்றது. இப்படி எல்லைக்கோடு நகர்ந்துகொண்டிருந்த மண்ணில் நகராமல் நிற்பவை கற்கள்தான். எந்த மொழிக்காரர் சுமையோடு வந்தாலும் சுமைதாங்கிக்கு ஒன்றுதான். அதனால்தான் வெளி மாநிலத்தில் வாழ்கிற நமக்கு இந்தப் பொருள் பொருத்தம் என்று எண்ணினேன்.

பெயரில் இருக்கும் செய்தி

இந்தக் கல் தமிழருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. கன்னடத்தில் இதை ஹொரெகல்லு என்பார்கள். ஹொரெ என்றால் பாரம். மலையாளத்தில் சுமடுதாங்கி என்றும் அத்தாணி என்றும் இரண்டு பெயர்கள் உண்டு. திருச்சூர் அருகே ஒரு அத்தாணி, நெடும்பாசேரி விமான நிலையத்தின் பக்கத்தில் இன்னொரு அத்தாணி என்று ஊர்ப்பெயராகவே அது நிற்கிறது. விமானம் ஏறப் போகிறவர்கள் தலைச்சுமைக்காரர் இளைப்பாறிய இடத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.

நம் பக்கத்திலும் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் காவேரிப்பாக்கத்துக்கு அருகே சுமைதாங்கி என்றே ஒரு ஊர் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது போர்டைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கல்லை வைத்து ஊரை அடையாளம் சொல்லும் அளவுக்கு, நடந்து போகிறவனுக்கு அந்தக் கல் முக்கியமாக இருந்திருக்கிறது.

1962-ல் ஸ்ரீதர் இயக்கத்தில் ஜெமினி கணேசன் நடித்து 'சுமைதாங்கி' என்று ஒரு படம் வந்தது. குடும்ப பாரத்தைத் தோளில் ஏற்றுக்கொள்கிற மனிதனின் கதை. இன்றைக்கு "அவர்தாங்க எங்க வீட்டுச் சுமைதாங்கி" என்று மூத்த பிள்ளையைச் சொல்கிறோம். கல்லைப் பார்க்காத பிள்ளைகளுக்கும் இந்தச் சொல் தெரியும். உவமை தங்கிவிட்டது, உவமை பிறந்த பொருள் கண்ணை விட்டு மறைந்துகொண்டிருக்கிறது.

ஒரு கை கொடுக்கிற கல்

சுமை தூக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். தலைச்சுமையில் கஷ்டம் நடப்பதில் இல்லை, ஏற்றுவதிலும் இறக்குவதிலும்தான். சும்மாடு கூட்டித் தலைமேல் சரியாக உட்கார்ந்துவிட்ட பாரத்தோடு மைல் கணக்கில் நடப்பார்கள். ஆனால் அதே பாரத்தைத் தரையிலிருந்து தனி ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. "அண்ணே, ஒரு கை பிடிங்க" என்று யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டும். இறக்கும்போதும் அப்படித்தான். பிடிக்க ஆள் இல்லாமல் இறக்கினால் பானை உடையும், மூட்டை கிழியும், இல்லையென்றால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஆள் இல்லாத வழியில் வருகிறவர் என்ன செய்வார்? களைத்துவிட்டாலும் இறக்க முடியாது. இறக்கினால் திரும்ப ஏற்ற வழியில்லை. இந்தச் சிக்கலுக்குத்தான் சுமைதாங்கி விடை. அதன் உயரம் ஏறத்தாழ தோளுக்கும் தலைக்கும் நடுவில் இருக்கும். சுமைக்காரர் கல்லருகே வந்து கொஞ்சம் தலையைச் சாய்த்தால் சுமை தலையிலிருந்து கல்லுக்கு நகர்ந்துவிடும். தண்ணீர் குடித்து, வெற்றிலை போட்டு, மூச்சு வாங்கிய பின் கொஞ்சம் குனிந்து நின்று இழுத்தால் சுமை மறுபடி தலைக்கு வந்துவிடும். தூக்க வேண்டியதே இல்லை, நகர்த்தினால் போதும். அங்கே இல்லாத இரண்டாவது ஆளின் வேலையைக் கல் செய்கிறது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் சுமை தூக்கியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர்களும் அவர்களில் நிறையப் பேர். வழியில் ஆள் வந்தாலும் கை கொடுப்பார் என்று நம்ப முடியாத சமூகம் அது. கல்லுக்கு அந்த வித்தியாசம் கிடையாது. பெண்களுக்கும் அப்படித்தான். விறகுக்கட்டோடு தனியே வருகிற பெண், வழியில் போகும் அன்னிய ஆணைக் கூப்பிட வேண்டிய சங்கடம் இல்லை.

கடைக்காரன் என்ற முறையில் எடைக் கணக்கும் சொல்கிறேன். நான் கடையில் உட்கார்ந்த புதிதில் அரிசி 100 கிலோ சாக்கில் வரும். இரண்டு பேர் தூக்கிவிட, ஒருவர் முதுகில் வாங்கிக்கொண்டு கிடங்குக்கு நடப்பார். பிறகு 75 கிலோ ஆயிற்று, 50 ஆயிற்று. இன்று வீட்டுக்கு வாங்குகிறவர்கள் 25 கிலோ சிப்பம் கேட்கிறார்கள். ஒரு ஆண் தொழிலாளி கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் பரிந்துரை செய்தது. மனித முதுகுக்கு ஒரு எல்லை உண்டு என்பதை உலகம் எழுத்தில் வைக்கும் முன்பே, நம் கிராமத்தார் கல்லில் வைத்திருக்கிறார்கள்.

எந்த வழியில் நிற்கிறது?

சுமைதாங்கி எங்கே நிற்கிறது என்பதும் ஒரு சான்று. ஊர் எல்லை, கிணற்றடி, புளிய மரம் அல்லது ஆலமரத்து நிழல், மேடு ஏறி முடிகிற இடம், சந்தைக்குப் போகிற வழி – இவைதான் அதன் இடங்கள். தொலைதூர வியாபாரம் பொதி மாட்டிலும் கழுதையிலும் வண்டியிலும் நடந்தது. உப்பும் தானியமும் அப்படித்தான் மலை ஏறின. சுமைதாங்கியோ மனிதத் தலைக்கானது. அதனால் அது நிற்கும் வழி, வண்டி போகாத வழி. அல்லது வண்டி வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் நடந்த வழி. வயலிலிருந்து களம், காட்டிலிருந்து வீடு, வீட்டிலிருந்து சந்தை என்று சின்னச் சின்ன தூரங்கள். பெரிய வியாபாரத்தைச் சொல்லக் கல்வெட்டும் செப்பேடும் இருக்கின்றன. கீரைக் கூடைக்காரியின் வழியைச் சொல்ல இந்தக் கல்தான் இருக்கிறது.

ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம், குடுபல்லி வழியாகப் பெங்களூருக்கு ரயில் 1864-ல் வந்தது. ரயில் வந்ததும் தலைச்சுமை ஒழிந்துவிட்டதா? இல்லை. ரயில் ஸ்டேஷன் வரைக்கும் சரக்கு வர வேண்டுமே! ஸ்டேஷனுக்குப் போகிற ஒற்றையடிப் பாதைகளில் நடை கூடத்தான் செய்திருக்கும். தலைச்சுமையை உண்மையில் குறைத்தவை கிராமம் வரை வந்த தார் ரோடும், சைக்கிளும், மினி லாரியும், ஷேர் ஆட்டோவும்தான்.

அதே தார் ரோடு கல்லின் அர்த்தத்தையும் மாற்றிவிட்டது. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தரை மட்டம் ஏறுகிறது. அதனால் தோளுயரம் இருந்த கல் இடுப்பளவாகி, சில இடங்களில் முழங்காலளவாகத் தெரிகிறது. பார்க்கிறவர்கள் "பெஞ்ச் போட்டிருக்காங்க" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

யாருக்காக நட்டார்கள்?

எல்லாச் சுமைதாங்கியும் ஒரே காரணத்துக்காக நட்டதல்ல. புண்ணியத்துக்காக வியாபாரிகள் நட்டதுண்டு. ஊர்ப் பெரியவர்கள் வேண்டுதல் நிறைவேறி நட்டதுண்டு. சில கற்களில் நட்டவர் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும். ஆனால் தமிழ்நாட்டிலும் அண்டைப் பகுதிகளிலும் பரவலாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. கர்ப்பமாக இருக்கும்போதோ பிரசவத்திலோ ஒரு பெண் இறந்துவிட்டால், அவள் நினைவாக அவள் வீட்டார் சுமைதாங்கி நடுவார்கள். வயிற்றுச் சுமையை இறக்காமலே போய்விட்டாள். வழிப்போக்கர் ஒவ்வொருவரும் இங்கே சுமையை இறக்கி "அப்பாடா" என்று மூச்சு விடும்போது அவள் பாரமும் கொஞ்சம் குறையும் என்பது நம்பிக்கை.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம். ஆனால் மற்ற நினைவுக் கற்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். சித்தூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி, கிருஷ்ணகிரி, கோலார் – இந்த வட்டாரம் முழுக்க நடுகற்கள் ஏராளம். கங்கர், பாணர், நொளம்பர் காலத்து வீரர்கள் வில்லும் வாளுமாகச் செதுக்கப்பட்டிருப்பார்கள். ஆநிரை மீட்டு இறந்தவன், ஊரைக் காத்து இறந்தவன் என்று எழுத்தும் இருக்கும். அதற்கும் பல நூற்றாண்டு முந்தியவை கல்திட்டைகள்; கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் பலகைக் கற்களை அறைபோல நிறுத்தி மேலே மூடுகல் வைத்திருப்பதைக் காணலாம். அவை இறந்தோருக்கு எடுத்தவை. சிலர் சுமைதாங்கியையும் கல்திட்டையையும் ஒன்றாக நினைக்கிறார்கள். அமைப்பைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கல்திட்டைக்குச் சுவர் உண்டு, சுமைதாங்கிக்குத் தூண் மட்டும்தான்.

எங்கள் சமண மரபில் நிசீதிகை என்ற நினைவுச் சின்னம் உண்டு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரிகர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தியைப் பாறையில் பொறித்திருக்கிறார்கள். வீரனுக்கு நடுகல், துறவிக்கு நிசீதிகை. இரண்டிலும் இறந்தவர் யார் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். பிரசவத்தில் போன குடியானவப் பெண்ணுக்கோ உருவமும் செதுக்கவில்லை, பெரும்பாலும் பெயரும் எழுதவில்லை. அவள் பேரில் பிறருக்கு ஒரு பயன் மட்டும் செய்து வைத்தார்கள். பெயர் தெரியாமல் போனது நமக்கு நஷ்டம்தான். ஆனாலும் துக்கத்தை ஒரு வசதியாக மாற்றி ரோட்டில் நிறுத்திய அந்த வீட்டாரின் மனசை நினைத்துப் பாருங்கள்.

முப்பத்திரண்டு அறங்கள் என்று ஒரு பட்டியல் நம்மிடம் வழக்கில் உண்டு. தண்ணீர்ப் பந்தல், மடம், தடம், சோலை எல்லாம் அதில் வரும். மாடு உடம்பு தினவு தீர உரசிக்கொள்ள நட்டு வைக்கும் ஆவுரிஞ்சு தறிகூட வரும். சுமைதாங்கி அதில் இல்லை. சமண நூல்கள் தானத்தை உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்று நான்காகப் பிரிக்கும். அதிலும் இதற்கு நேரான இடம் இல்லை. புத்தகம் சொல்லித் தந்து செய்த தர்மமாக இது தெரியவில்லை. சுமந்து பழகிய ஜனங்கள் தங்கள் கழுத்து வலியிலிருந்து தாங்களே கண்டுபிடித்த தர்மம் என்பதே என் கருத்து.

கடல் கடந்தும் இதே கல்

யாழ்ப்பாணத்தில் பழைய வீதிகளில் மடம், கேணி, ஆவுரோஞ்சிக்கல், சுமைதாங்கி நான்கும் ஒரு தொகுதியாகவே அமைந்திருப்பதுண்டு. மனிதனுக்கு நிழல், குடிக்கவும் குளிக்கவும் நீர், மாட்டுக்கு உரசக் கல், சுமைக்கு மேடை என்று வழிப்போக்கரின் தேவை முழுவதையும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பருத்தித்துறையில் வீதியையே மூடிக் கட்டிய தெருமூடி மடம் இன்றும் புகழ்பெற்றது.

ஐரோப்பாவிலும் இது உண்டு என்றால் நம்புவீர்களா? பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஸ்ட்ராஸ்பூர்கைச் சுற்றிய கிராமச் சாலைகளில் அச்சு அசலாக நம் சுமைதாங்கி போலவே கற்கள் நிற்கின்றன. இரண்டு தூண், மேலே ஒரு குறுக்குக் கல். கூடவே உட்காரத் தாழ்வாக இன்னொரு கல். சந்தைக்குத் தலையில் கூடை சுமந்து நடந்த பெண்களுக்காக அமைத்தவை அவை. 1811-ல் நெப்போலியனுக்கு மகன் பிறந்ததைக் கொண்டாட, அப்பகுதியின் ஆட்சியர் லெசே-மார்னேசியா முதல் வரிசையை அமைக்கச் செய்தார். 1854-ல் மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜீனி பெயரில் இரண்டாம் வரிசை வந்தது. நிழலுக்கு மரமும் நட்டார்கள்.

லண்டனில் பிக்கடில்லி வீதியில், இரும்புக் கால்கள் மேல் மரப்பலகை பொருத்திய சுமைதாங்கி ஒன்று 1861-ல் வைக்கப்பட்டது. பாராளுமன்ற உறுப்பினர் ஸ்லேனி என்பவர் யோசனை சொன்னதால் வைத்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். பழைய பலகை 2014-ல் காணாமல் போனது. "இப்போ யாருங்க சுமை தூக்குறா" என்று அங்கே விட்டுவிடவில்லை. 2016-ல் அதே மாதிரி ஒன்று செய்து அதே இடத்தில் வைத்தார்கள்.

பாருங்கள், அல்சாஸில் அரச குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்ததற்காகக் கல் நட்டார்கள். அதே அமைப்புள்ள கல்லை நம் ஊரில் பிள்ளையோடு போய்விட்ட தாய்க்காக நட்டார்கள். அங்கே நட்ட ஆண்டும் ஆணையிட்டவர் பெயரும் சரித்திரத்தில் இருக்கின்றன. இங்கே கல் மட்டும் இருக்கிறது.

ஏன் இப்போது நடுவதில்லை?

இரண்டு காரணங்கள். ஒன்று, சுமை சக்கரத்துக்கு மாறிவிட்டது. இன்னும் தலையில் சுமப்பவர்களுக்குச் சட்டத்தின் காவலும் ஓரளவு வந்திருக்கிறது. அத்தாணிகள் நின்ற கேரளத்தில் 1978-ல் தலைச்சுமைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1982-ல் வந்தது.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்தியாவில் 1997-98-ல் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 398 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 2018-20-ல் அது 97 ஆகக் குறைந்தது. அதே கணக்கில் ஆந்திரத்தில் 45, தமிழ்நாட்டில் 54. ஆஸ்பத்திரிப் பிரசவமும், ஆம்புலன்ஸும், கிராமம் கிராமமாகப் போகிற நர்சம்மாக்களும் செய்த வேலை இது. அந்த 45-ம் 54-ம் இன்னும் இறங்க வேண்டியவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆக, புதிதாகச் சுமைதாங்கி நடப்படவில்லையே என்று நாம் வருத்தப்பட வேண்டியதில்லை. அது நல்ல செய்தி. ஏற்கெனவே நட்டவை உடைந்து போவதுதான் கவலை. ரோடு அகலமாக்கும்போது முதலில் போவது இந்தக் கல். கோயில் என்றால் ஊர் கூடும், நடுகல் என்றால் ஆராய்ச்சியாளர் வருவார். கேட்பாரற்ற சுமைதாங்கி ஜல்லியாகிவிடுகிறது, அல்லது யாராவது வீட்டு வாசல்படியாகிவிடுகிறது.

ஒரு தாயின் பேரில் இருக்கும் ஒரே அடையாளம் அதுவாக இருக்கக்கூடும் என்பதால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம் சங்கக் குடும்பங்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவை. பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ சொந்த ஊர் போகும்போது உங்கள் ஊர்ச் சுமைதாங்கியைப் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். தரையிலிருந்து மேல் கல் எத்தனை அடி, தூண்களுக்கு நடுவே எத்தனை அடி, எந்த ஊருக்குப் போகிற வழி, பக்கத்தில் கிணறோ மரமோ உண்டா என்று நோட்டில் எழுதுங்கள். ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுங்கள். எழுத்து இருந்தால் சுண்ணாம்பு, பெயிண்ட் எதுவும் பூசாமல் அப்படியே படம் பிடித்துத் தொல்லியல் துறையாருக்குக் காட்டுங்கள். ஊரில் மிகவும் வயசான பாட்டி யாரோ அவரிடம் "இது யார் பேர்ல நட்டது பாட்டி?" என்று கேளுங்கள். ஆண்கள் சொல்லாத விவரம் அவர்களிடம் இருக்கும்.

ரோடு வேலை வருகிறது என்று தெரிந்தால், உடைக்க வேண்டாம், தள்ளி நடுங்கள் என்று பஞ்சாயத்திலும் கான்டிராக்டரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டு தூணும் ஒரு பலகையும்தான். வேலைக்கு வந்திருக்கிற ஜேசிபியே அரை மணி நேரத்தில் பத்தடி தள்ளி நட்டுவிடும். நடும்போது பழைய உயரம் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்வாக நட்டால் அது வெறும் திண்ணையாகிவிடும். நீங்கள் எடுத்து வருகிற அளவுகளையும் பெயர்களையும் சங்கத்தில் ஒரு நோட்டுப் போட்டுச் சேர்த்து வைத்தால், அடுத்த மலரில் ஊர்வாரியாக அச்சிடலாம்.